கோவிவனின் விலை

திருவண்ணாமலை என்றதும் நம் நினைவில் எழுவன மலையும் தீபமும் கிரிவலமும்தாம். நாய் எழுவதில்லை. எனினும் தமிழகத்தில் தன் பெயரோடு கல்லில் இடம்பெற்ற நாய்களுள் மிகப் பழையது ஒன்று இம்மாவட்டத்துக்கு உரியது. அதன் பெயர் கோவிவன். வளர்ப்பு நாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுக்கலாமா, வேண்டாமா என்பது முற்றிலும் இக்காலத்துக்கே உரிய கேள்வியாகத் தோன்றும். அதை ஆராயப் புகும்போது நாம் கோவிவனிடமிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. காப்பீடு என்பது மதிப்பைக் குறித்த ஒப்பந்தம். ஒன்றின் மதிப்பு இன்னது என்று சொல்லாமல் அதைக் காப்பீடு செய்ய இயலாது. நாயின் மதிப்பைப் பற்றி நம் மண் பதிமூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக ஏதேனும் ஒன்றைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு காலமும் வெவ்வேறு விடையைச் சொல்லியிருக்கிறது.

நம்மிடம் ஒரு நாட்டு நாய் உண்டு. கிரிவலப் பாதையில் கண்டெடுக்கப்பட்டது. விண்ணப்பப் படிவம் அதன் இனம், பிறந்த நாள், மதிப்பு ஆகிய மூன்றையும் கேட்கிறது. மூன்றில் ஒன்றுக்கும் நம்மிடம் ஆவணம் இல்லை. இக்கட்டுரைக்கு அதுவே தூண்டுதல். இனிப் பேசப்போவது வரலாறு.

*

செங்கம், தண்டராம்பட்டு வட்டாரங்கள் நடுகற்களுக்குப் பேர்பெற்றவை. தமிழகத் தொல்லியல் துறை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972-இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற தொகுதியை வெளியிட்டது. அதன் பிறகே இவ்வட்டாரத்துக் கற்களின் பெருமை பரவலாகத் தெரியவந்தது. பல்லவர் காலத்தில் ஊர்ப்புறங்களில் நடந்த ஆநிரைப் பூசல்களின் பதிவேடு என்றே இக்கற்களைச் சொல்லலாம். யார் எந்த ஊர் மாட்டைக் கவர்ந்தார், யார் மீட்கப் போய் மாண்டார் என்பவற்றை இவை சுருக்கமாகச் சொல்கின்றன. அரசனின் பெயரும் ஆட்சியாண்டும் அளவாகச் சொல்லப்படுகின்றன.

எடுத்தனூர்க் கல் இவற்றுள் ஒன்று. முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி என்று கொள்ளலாம். கருந்தேவக்கத்தி என்ற வீரன் எருமை மந்தையைக் காக்கும் பூசலில் பட்டான் என்கிறது கல்வெட்டு. அவன் உருவத்தின் பின்னால் ஒரு நாயின் உருவம். அந்நாய்க்குத் தனியாக ஒரு வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்பது அதன் பொருள்.

இந்த வாசகத்தை நாம் சற்று நின்று படிக்க வேண்டும். கல்லில் எழுத்துப் பொறிப்பது எளிய செயலன்று. உளியின் ஒவ்வொரு வெட்டுக்கும் உழைப்பு உண்டு. ஆகவே நடுகல் வாசகங்கள் வீண்சொல் அற்றவை. அத்தகைய சிக்கனத்திலும் நாயின் பெயரும் கடிபட்ட கள்வரின் எண்ணிக்கையும் இடம்பெற்றன. அது என்ன நிறம், என்ன இனம், எங்கிருந்து வந்தது என்பவை இடம்பெறவில்லை. படிவம் கேட்பவற்றைக் கல் சொல்லவில்லை. கல் சொல்வதைக் கேட்கப் படிவத்தில் கட்டமும் இல்லை.

‘மாடு’ என்ற சொல்லுக்கே செல்வம் என்ற பொருள் கொண்ட சமுதாயம் அது. செல்வம் நான்கு காலில் நடந்தது. இரவில் களவுபோயிற்று. அதைக் காக்கப் பட்டியில் நாய் படுத்திருந்தது. வேறு விதமாகச் சொன்னால் ஏழாம் நூற்றாண்டில் மந்தைக்குக் காப்பீடு நாய்தான். தவணை அன்றாடம் வைக்கும் சோறு. இழப்பு நேரும்போது அது தன் உடலைக் கொடுத்தது. காப்பாக இருந்த உயிருக்கே இன்று நாம் காப்புத் தேடுகிறோம். இத்தலைகீழ் மாற்றமே நாம் விளங்கிக்கொள்ள வேண்டிய வரலாறு.

*

பூசலில் ஒருவன் மாண்டால் அவன் குடும்பம் என்னவாகும் என்ற கேள்விக்குப் பழந்தமிழகம் விடை வைத்திருந்தது. மாண்டவனின் உறவினருக்கு நிலம் கொடுத்தார்கள். அதற்கு உதிரப்பட்டி என்று பெயர். குருதிக்கு ஈடான நிலம். கன்னட நாட்டிலும் இதே வழக்கம் இதே பொருளுடைய பெயரில் இருந்தது. முன்கூட்டித் தவணை செலுத்தாத, ஊரே பொறுப்பேற்ற ஆயுள் காப்பீடு என்று இதைக் கருதுவதில் பெரும் பிழை இல்லை. கோவிவனுக்கு அப்படி எதுவும் கொடுக்கப்பட்டதாக எடுத்தனூர்க் கல் சொல்லவில்லை. நாய்க்கு நிலம் எதற்கு என்று கேட்கலாம். மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு, நாயின் பொருட்டு நிலமே கொடுத்த வரலாறும் உண்டு.

கி.பி. 949-இல் தக்கோலத்தில் பெரும் போர் நடந்தது. அந்த ஊர் இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளது. 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகும்வரை நம் ஊரும் தக்கோலமும் ஒரே வட ஆர்க்காட்டின் பகுதிகளாய் இருந்தவை. சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்ட போர் அது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் பக்கம் நின்று கங்க மன்னன் பூதுகன் வென்றான். பூதுகனின் வீரன் மணலேரன் அப்போரில் வீரம் காட்டினான். என்ன வேண்டும் என்று கேட்டபோது அவன் ஊரைக் கேட்கவில்லை, பொன்னைக் கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டான்.

பின்னர் அந்த நாயை ஒரு காட்டுப்பன்றியின்மேல் ஏவினார்கள். பன்றியும் நாயும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. மணலேரன் ஆதகூரில், இன்றைய மண்டியா மாவட்டத்தில், சிவன் கோயில் முன்பு அதற்குக் கல் நாட்டினான். பன்றியோடு நாய் பொருதும் காட்சி அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. கல்லைப் பேணிப் பூசை செய்ய நிலமும் விடப்பட்டது. பூசை செய்யாமல் அந்நிலத்தின் பயனை உண்பவனை நாயின் பாவம் சேரும் என்ற எச்சரிக்கையும் உண்டு. அக்கல் இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. தக்கோலப் போரை விளக்கும் முதன்மைச் சான்றுகளுள் ஒன்று, ஒரு நாயின் நினைவுக்கல் என்பதை வரலாற்று மாணவர்கள் மறப்பதில்லை.

இடர்ப்பொறுப்பு என்ற கருத்தும் நமக்குப் புதியதன்று. சோழர் காலக் கோயில்களில் நந்தா விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடையாக விடுவர். மன்றாடி அவற்றைப் பெற்றுக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. ஆடு சாகாதா, மூப்படையாதா என்றால், ஆகும்தான். ஆனால் செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டி நிற்கும். எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது மன்றாடியின் பொறுப்பு. அவனால் இயலாதபோது பொறுப்பேற்கும் உறவினரின் பெயர்களையும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் பட்டியலிடுகின்றன. தனி ஆட்டின் சாவை மந்தை தாங்கிக்கொள்கிறது. மந்தையின் இழப்பை இடையனும், இடையனின் இழப்பை உறவும் தாங்கிக்கொள்கின்றன. காப்பீட்டின் அடிப்படைக் கணக்கு முழுவதும் இதில் அடக்கம்.

ஆனால் ஓர் எல்லையை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். இக்கணக்கில் ஓர் ஆட்டுக்கு இன்னோர் ஆடு ஈடு. எண்ணிக்கை நிறைந்தால் இழப்பு இல்லை. காளிக்கு இன்னொரு நாய் ஈடாகும் என்று மணலேரன் எண்ணியிருந்தால் கல் நாட்டியிருக்கமாட்டான்.

*

கோவிவனுக்கும் காளிக்கும் கிடைத்த மதிப்பு நிலையாக நிற்கவில்லை. பக்தி இயக்கத்தின் மொழியில் நாய் கடைப்பட்ட பிறவியின் அடையாளமாயிற்று. திருவெம்பாவையை மாணிக்கவாசகர் அண்ணாமலையில் பாடினார் என்பது மரபு. அவர் தம்மைத் தாழ்த்திக்கொள்ள மீண்டும் மீண்டும் கைக்கொண்ட உவமை நாய்தான். அந்தத் தாழ்ச்சியில் இறைவன்பால் உரிமையும் கலந்திருந்தது என்பது வேறு. பைரவரின் ஊர்தியாக நாய் கோயிலுக்குள் நின்றது. கோயில் நடைக்கு வெளியே அது விரட்டப்பட்டது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்ற பழமொழிக்கு வேறு எந்த ஊரையும்விட நடுகல் நாட்டினராகிய நாமே உரிமை கொண்டாடலாம்.

நாய்க்கு ரூபாய்க் கணக்கில் விலை வைத்தது ஆங்கிலேயர் காலத்துச் சட்டம். 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம், விலங்கைக் கொல்வதையும் முடமாக்குவதையும் சொத்துக்கு விளைவிக்கும் கேடு என்ற தலைப்பில் வைத்தது. அதன் 428-ஆம் பிரிவு, பத்து ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள விலங்குகளைப் பற்றியது. 429-ஆம் பிரிவு யானை, ஒட்டகம், குதிரை, எருமை, பசு முதலியவற்றை மதிப்பு எதுவாயினும் ஏற்றுக்கொண்டது. பிற விலங்கானால் ஐம்பது ரூபாய் பெற வேண்டும். நாயின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே கொல்லப்பட்டது நாயானால், அது பத்து ரூபாய் பெறுமா, ஐம்பது பெறுமா என்ற ஆராய்ச்சி எழுந்தது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்நிலை நீடித்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதாவின் 325-ஆம் பிரிவு, எந்த விலங்கானாலும் என்று கூறி விலைக்கணக்கை நீக்கிவிட்டது. 1960-இன் விலங்குவதைத் தடுப்புச் சட்டமோ முதற்குற்றத்துக்குப் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை அபராதம் என்ற பழைய கணக்கை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

நாயின்மீதான அச்சத்துக்கு மெய்யான காரணமும் இருந்தது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ இயலாது. லூயி பாஸ்டர் 1885-இல் கடியுண்ட சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டுக் காத்தார். தென்னகத்துக்கு அது வந்தது 1907-இல் குன்னூரில் அமைந்த பாஸ்டர் நிறுவனத்தின் வழியாக. சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, விலங்கு மருத்துவத்தைப் படிப்பாக்கியது. எனினும் தெருநாயைப் பொறுத்தவரை நகராட்சிகள் கைக்கொண்ட மருந்து நெடுங்காலம் கொலையாகவே இருந்தது. கருத்தடையும் தடுப்பூசியுமே வழி என்று 1959-இல் தோன்றிய சென்னை புளூ கிராஸ் வலியுறுத்தி வந்தது. அந்தக் கொள்கை 2001-இல் நாடு முழுமைக்குமான விதியாயிற்று. அவ்விதிகள் 2023-இல் புதுப்பிக்கப்பட்டன. ஆயினும் உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகின் வெறிநாய்க்கடி மரணங்களில் 36 விழுக்காடு இந்தியாவில் நிகழ்கிறது. 2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்கள் குறித்து உச்சநீதிமன்றம் முதலில் ஒன்றும், இரு வாரத்துக்குள் திருத்தி மற்றொன்றுமாகப் பிறப்பித்த ஆணைகள் நாடெங்கும் எழுப்பிய சச்சரவை வாசகர் அறிவர். நாயை வளர்ப்பவர் எவரும் இந்தப் பின்னணியை மறந்துவிட்டுத் தம் நாயைப் பற்றி மட்டும் பேச இயலாது.

*

இதே காலத்தில் திருவண்ணாமலையில் வேறொரு மரபும் உருவாகியிருந்தது. ரமணர் 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையிலும், பின்னர் 1922 வரை ஸ்கந்தாசிரமத்திலும், அதன் பிறகு 1950-இல் மறையும்வரை மலையடிவாரத்து ஆசிரமத்திலும் வாழ்ந்தார். எல்லா இடங்களிலும் அவருடன் நாய்கள் இருந்தன. அவரோடு பழகியவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகள் ஒரு செய்தியைத் தவறாமல் சொல்கின்றன. விலங்குகளை அவர் ‘அது’ என்று சொல்வதில்லை. ‘அவன்’ என்றும் ‘அவள்’ என்றும்தான் சொல்வார். தமிழ் இலக்கணத்தில் இது திணைவழு. அஃறிணையை உயர்திணையாக்கும் வழு. உவப்பின் காரணமாக நேரும் இவ்வழுவை இலக்கணம் வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. கன்றை ‘வந்தான்’ என்று சொல்லும் உழவனுக்கு இலக்கணம் முன்பே இடம் விட்டிருக்கிறது.

ஸ்கந்தாசிரமத்தில் கமலா என்ற நாய் இருந்தது. புதிதாக வந்தவரை அழைத்துப்போய்க் காட்டு என்று ரமணர் சொன்னால், மலையிலுள்ள தீர்த்தங்களையும் இடங்களையும் சுற்றிக் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடும் என்று குறிப்புகள் கூறுகின்றன. ஜாக்கி என்ற நாய் நோயுற்றபோது ரமணர் அதற்கு மெத்தென்ற படுக்கை அமைத்து, இறுதிவரை உடனிருந்து பேணினார். ஆசிரமத்துக்குள்ளேயே அதை அடக்கம் செய்து சிறு நினைவிடம் எழுப்பினார்கள். 1926-இல் கன்றாக வந்து 1948 சூன் 18 அன்று மறைந்த பசு லட்சுமியின் சமாதி, வள்ளி என்ற மானின் சமாதி, ஒரு காக்கையின் சமாதி ஆகியவற்றோடு அது இன்றும் அங்கே இருக்கிறது.

எடுத்தனூர்க் கல்லுக்கும் ஜாக்கியின் நினைவிடத்துக்கும் இடையில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள். இரண்டும் ஒரே மாவட்டத்தில் உள்ளன. ஆனால் இரண்டும் சொல்வது ஒன்றன்று. கோவிவன் தன் பயனுக்காக நினைக்கப்பட்டது. கள்வரைக் கடித்தது, ஆகவே கல். ஜாக்கி எவரையும் கடித்துக் காத்ததாகச் செய்தி இல்லை. நோயுற்றது, பேணப்பட்டது, இறந்தது. அவ்வளவே. பயன் கருதாத பேணுதல் என்பது நாயின் வரலாற்றில் பெரிய திருப்பம். நாய்க்கு மருத்துவக் காப்பீடு என்ற கருத்தே இத்திருப்பத்துக்குப் பிறகுதான் பொருள்படும். பயனுள்ள விலங்கின் இறப்பு உடையவனுக்குப் பொருளிழப்பு. வீட்டு நாயின் நோய் அவனுக்குப் பொருட்செலவு. இவ்விரண்டும் வெவ்வேறு இடர்கள். அவற்றுக்கு ஏற்ற காப்பீடுகளும் வெவ்வேறாகத்தான் இருக்க வேண்டும்.

*

காப்பீட்டின் வரலாறு இந்த வேறுபாட்டை மெல்லத்தான் உணர்ந்தது. சுவீடனில் 1890-இல் குதிரைகளுக்கும் கால்நடைகளுக்கும் தொடங்கிய காப்பீடு, 1924-இல் முதன்முதலாக ஒரு நாயை ஏற்றுக்கொண்டது. பிரிட்டனில் 1947-இல் வந்தது. அமெரிக்காவில் 1982-இல் முதல் ஒப்பந்தம் லாஸ்ஸி என்ற திரைப்பட நாயின் பேரில் எழுதப்பட்டது. உழுகிற குதிரையில் தொடங்கி, ஊதியம் ஈட்டும் நடிக நாய் வழியாக, ஒன்றும் ஈட்டாத வீட்டு நாய்க்கு அது வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தியாவில் 1972-இன் சட்டப்படி நூற்றுக்கு மேற்பட்ட பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டு, 1973 சனவரி 1 முதல் நான்கு நிறுவனங்களாக இயங்கலாயின. அவற்றுள் யுனைடெட் இந்தியாவின் தலைமையிடம் சென்னை. இந்நிறுவனங்கள் கறவை மாட்டுக் காப்பீட்டைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றன. 2005-06 முதல் நடுவண் அரசு, தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தவணையில் பாதியைத் தானே செலுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. மாட்டின் காதில் எண் பொறித்த வில்லையைக் குத்துவார்கள். மாடு இறந்தால் மருத்துவர் சான்றும் அந்த வில்லையும் வேண்டும். வில்லை இல்லையேல் தொகை இல்லை என்பது ஊரறிந்த விதி. மந்தையில் இறந்தது எந்த மாடு என்று சொல்ல வேறு வழியில்லை என்பதால் இவ்விதி. இடையனின் சாவா மூவாப் பேராட்டுக் கணக்கு, காதில் வில்லையோடு இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தது என்று சொல்லலாம்.

இந்நிறுவனங்கள் நாய்க்கும் ஒப்பந்தம் வைத்திருந்தன. ஆனால் அது மாட்டுக் காப்பீட்டின் அச்சில் வார்க்கப்பட்டது. நாயின் சந்தை விலையே காப்புத்தொகைக்கு அடிப்படை. நோயாலோ விபத்தாலோ நாய் இறந்தால் தொகை. வெறிநோய், டிஸ்டெம்பர், லெப்டோஸ்பைரோசிஸ் போன்றவற்றால் இறந்தால், உரிய தடுப்பூசி போட்ட சான்று இருக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கிய உயர்சாதி நாய்களையும் கண்காட்சி நாய்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை இவை. வாங்கப்படாத நாய்க்கு விலைச்சீட்டு ஏது? 2005-இல் அஞ்சல் துறை இராசபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. பெயர் பெற்ற நாட்டு இனங்களுக்காவது அப்படி ஓர் ஏற்பு கிடைத்தது. தெருவிலிருந்து வந்த நாய்க்கு இனப்பெயரும் இல்லை.

2020-இல் அப்போது பஜாஜ் அலையன்ஸ் என்ற பெயரில் இயங்கிய நிறுவனமும், 2021-இல் அப்போது ஃபியூச்சர் ஜெனராலி என்றிருந்த நிறுவனமும் வேறு வகையான ஒப்பந்தங்களைக் கொண்டுவந்தன. பின்னர் வேறு சிலவும் வந்தன. இவற்றில்தான் அறுவை மருத்துவம், மருத்துவமனையில் சேர்க்கும் செலவு, கொடுநோய் மருத்துவம் ஆகியவை இறப்புத் தொகையினின்று தனியே பிரிந்து நின்றன. நாய் பிறருக்கு விளைவிக்கும் தீங்குக்கான பொறுப்பும் ஓர் உறுப்பாயிற்று. கலப்பின நாய்களுக்கும் இனப்பெயரற்ற நாய்களுக்கும் இடம் கிடைத்தது. கோவிவனின் வழியில் வந்த காப்பீடு, ஜாக்கியின் வழிக்குத் திரும்பிய இடம் இது.

*

இனி நம் முடிவுக்கு வருவோம். வரலாறு நம் கையில் மூன்று கேள்விகளைத் தந்திருக்கிறது. நாய் இறந்தால் நமக்கு நேரும் பொருளிழப்பு என்ன? நோயுற்றால் நேரும் செலவு என்ன? அது பிறரைக் கடித்தால் நம் கடன் என்ன?

முதலாவதற்கு விடை எளிது. பொருளிழப்பு ஏதுமில்லை. நாட்டு நாய் பால் கறப்பதில்லை, கண்காட்சிக்குப் போவதில்லை. அதன் இறப்பில் நாம் இழப்பது பெரிது, ஆனால் அது தொகையால் நிறைவது அன்று. இறப்புக்கான காப்பு வேண்டுவோர் கறவை மாடு வைத்திருப்போர். அவர்களுக்கு அது வாழ்வாதாரம். நமக்கு அது தேவையற்ற தவணை. ஆகவே அந்த உறுப்பை நீக்கிவிடலாம்.

இரண்டாவது கேள்வியில் சிந்திக்க இடமுண்டு. சிறு நோய்களின் செலவை மாதந்தோறும் எடுத்துவைக்கும் ஒரு தொகையால் தாங்கிக்கொள்ள முடியும். தாங்க முடிந்த செலவுக்குக் காப்பீடு எடுப்பது, தரகு கொடுத்து நம் பணத்தையே நாம் திரும்ப வாங்குவதாகும். ஆண்டுக்கு நாலாயிரம் ரூபாய் தவணை என்று வைத்துக்கொண்டால் ஐந்தாண்டில் இருபதாயிரம். அந்த இருபதாயிரம் கையிலிருந்தால் பெரும்பாலான நோய்களைச் சந்தித்துவிடலாம். ஆனால் எலும்பு முறிவு ஐந்தாம் ஆண்டுவரை காத்திருப்பதில்லை. முதல் மாதத்திலும் நேரலாம். பௌர்ணமிதோறும் பல்லாயிரம் பேரும் அவர்களை ஏற்றிவரும் ஊர்திகளும் நிறையும் ஊர் இது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அடிபட்டுக் கிடக்கும் நாயைக் காணாத உள்ளூர்வாசி இருக்கமாட்டார். உலோகத் தகடு பொருத்தும் எலும்பு அறுவைக்குச் சென்னைக்கோ வேலூருக்கோ போக நேர்ந்தால் சேமிப்பு போதாது. பணமில்லை என்பதால் கால் போகட்டும் என்றோ, உயிர் போகட்டும் என்றோ முடிவெடுக்க வேண்டிய வேளை வரும். காப்பீடு உண்மையில் விலக்குவது அந்த வேளையைத்தான். ஆகவே அறுவைக்கும் மருத்துவமனைச் சேர்க்கைக்குமான உறுப்பு மட்டும் வேண்டும். சேர்ந்த எத்தனையாவது நாளிலிருந்து எந்நோய்க்குக் காப்பு தொடங்கும், எந்த வயதுக்கு மேல் புதுப்பிக்கமாட்டார்கள், முன்பே பட்ட காயத்தை ஏற்பார்களா என்ற மூன்றையும் எழுத்தில் பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும். கண்டெடுத்த நாய்க்கு வயதைப் பல்லைப் பார்த்து மருத்துவர் மதிப்பிட்டு எழுதுவார். அதை நிறுவனம் ஏற்கிறதா என்பதையும் முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கேள்வியே மிக முதன்மையானது. பலரும் கேட்காமல் விடுவதும் அதுவே. கோவிவன் கடித்தது கள்வரை. நம் நாய் கடிக்கக்கூடியவர் செய்தித்தாள் போடுபவராகவோ, அடுத்த வீட்டுக் குழந்தையாகவோ இருக்கலாம். ஊரார் நாயைப் பற்றி அஞ்சுவதற்கு 36 விழுக்காடு என்ற எண் போதும். ஆகவே பிறர்மீதான பொறுப்புக்கான உறுப்பு வேண்டும். அதற்கும் முன்னால் தடுப்பூசி வேண்டும். எந்த ஒப்பந்தமும் தடுப்பூசிச் சான்றின்றி நிற்காது. ஒப்பந்தம் எடுக்காவிட்டாலும் அது இன்றி நாய் வளர்க்கக் கூடாது. காப்பீட்டுத் தவணையைவிடப் பன்மடங்கு மலிவான அந்த ஊசி, நாயோடு தெருவையும் சேர்த்துக் காக்கிறது.

ஒரு மறுப்பும் எழக்கூடும். தெருவெங்கும் நாய்கள் நலிந்து கிடக்க, ஒன்றுக்கு மட்டும் காப்பீடு எடுப்பது அறமா? நியாயமான கேள்வி. திருவண்ணாமலையில் 2007 முதல் விலங்குகளுக்கான காப்பகம் ஒன்று நன்கொடையால் இயங்கிவந்திருக்கிறது. அதுவும் ஒரு வகைக் காப்பீடுதான். பலர் கொடுத்த தொகை, யார் வீட்டையும் சேராத நாயின் முறிந்த காலுக்குப் போகிறது. விண்ணப்பம் இல்லை, இனப்பெயர் இல்லை, பிறந்த நாள் இல்லை. உதிரப்பட்டி கொடுத்த ஊரின் மனப்பாங்குக்கு அச்சிட்ட ஒப்பந்தத்தைவிட இதுவே நெருக்கமானது. இறப்புக் காப்பையும் பிற உறுப்புகளையும் நீக்கியதால் தவணையில் நமக்கு மிஞ்சும் தொகையை இத்தகைய பொதுப்பணிக்குக் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். ஒன்றுக்கு ஒப்பந்தம், மற்றவற்றுக்கு உண்டியல். இரண்டையும் ஒருங்கே செய்வதில் முரண் ஏதும் நமக்குத் தோன்றவில்லை.

எஞ்சி நிற்பது படிவத்தின் மதிப்புக் கட்டம். இறப்புத் தொகை கோராதவருக்கு அதில் எந்த எண் இருந்தாலும் ஒன்றுதான். மருத்துவர் மதிப்பிட்டுத் தரும் குறைந்த தொகையை எழுதிவிடலாம். பெயருக்கான கட்டத்தை மட்டும் பிழையின்றி நிரப்ப வேண்டும். எடுத்தனூரில் உளி பிடித்தவர் தவறாமல் செய்த வேலை அது ஒன்றே.